மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்களும் வீட்டு முற்றத்துப் பராமரிப்பும்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர்கள் எந்த நாட்டில் ஒன்றுகூடினாலும் ஒரு கதை பேச்சில் வந்துவிடும். பெற்றோல் இல்லாத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதை அது. சொல்பவரின் முகத்தில் ஒரு பெருமிதம் தோன்றும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நம்பாமல் சிரிப்பார்கள். "எங்கட சனம் கண்டுபிடிக்காத ஒண்டும் இல்லை" என்ற வாக்கியத்துடன் கதை நிறைவுபெறும். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கொழும்பிலும் இதே கதையை இதே முடிவுடன் கேட்டிருக்கிறேன்.

கதை உண்மைதான். அதன் முடிவுதான் சரியில்லை என்பது என் கருத்து. மண்ணெண்ணெயில் எஞ்சினை ஓட்டுவது யாழ்ப்பாணத்தில் கண்டுபிடிக்கப்பட்ட விடயமன்று. நமது மக்கள் செய்தது வேறொன்று. அந்த எரிபொருளுக்கென்று உருவாக்கப்படாத ஒரு சிறிய எஞ்சினை, உதிரிப்பாகமும் நல்ல ஒயிலும் இல்லாத நிலையில், ஆண்டுக்கணக்காக வீட்டு முற்றத்தில் வைத்துப் பழுதுபடாமல் பேணினார்கள். அந்த உழைப்பைப் பற்றி எவரும் பேசுவதில்லை. போர்க்கால வரலாறு என்று நாம் எழுதிக் குவித்திருக்கும் பக்கங்களிலும் அதற்கு இடம் கிடைக்கவில்லை. அதனைப் பதிவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. ஆனையிறவுப் பாதை மூடப்பட்டது. தேசிய மின்சாரம் நின்றுபோனது. பெற்றோல், டீசல், பற்றறிகள், சீமெந்து, இரும்புப் பொருள்கள், இரசாயனப் பசளை என்று தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் மட்டுப்படுத்தப்பட்ட அளவில் வந்துகொண்டிருந்தது. விளக்குக்கும் அடுப்புக்கும் நீர் இறைப்பதற்கும் அதுவே. வாகனம் வைத்திருந்தவர்களின் பார்வையும் இயல்பாகவே அதன்மீது விழுந்தது.

பெற்றோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்தில் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகி விரைவில் தீப்பற்றக்கூடியது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்திருக்கும் எஞ்சினில் அது ஆவியாகாது. எத்தனை முறை உதைத்தாலும் எஞ்சின் உயிர்பெறாது. ஆனால், ஒருமுறை எஞ்சின் சூடேறிவிட்டால் அந்தச் சூட்டிலேயே மண்ணெண்ணெய் ஆவியாகி எரியும். பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது என்ற முறைக்கு இதுவே அடிப்படை.

இந்த முறை நமது பிறப்புக்கு முற்பட்டது. ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் 1917இல் பெருந்தொகையாக உற்பத்தி செய்யத் தொடங்கிய ஃபோர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடியது. பிரித்தானியாவில் உழவு இயந்திரங்களுக்கென்றே மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்த மலிவான எரிபொருள் ஒன்று விற்கப்பட்டது. நம் நாட்டுக் கமக்காரர்களும் நன்கு அறிந்த பேர்கசன் உழவு இயந்திரத்தில், அந்த எரிபொருளுக்கு ஏற்ற வகை ஒன்று 1949இல் வெளிவந்தது. ஐரோப்பிய, அமெரிக்க விவசாயிகள் ஒரு தலைமுறைக் காலம் நாள்தோறும் செய்த வேலையைத்தான் நாம் நமது கண்டுபிடிப்பு என்கிறோம்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த அறிவு வந்து சேர்ந்த வழி எது? தோட்டக் கிணறு என்பதே என் பதில். துலா மிதித்துத் தண்ணீர் இறைத்த குடாநாட்டு விவசாயி, நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மாறியபோது மண்ணெண்ணெய் எஞ்சினுடன் பழகிக்கொண்டான். 1970களில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு உள்ளூர் விளைச்சலுக்கு நல்ல விலை கிடைத்த காலத்தில், 'வோட்டர் பம்ப்' இல்லாத தோட்டக்காரர் குறைவு. பெற்றோலைச் சிறிதளவு விட்டுத் தொடங்கி, சற்று நேரத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றும் அந்தக் கைப்பழக்கம் எங்கள் வீட்டிலும் இருந்தது. பள்ளிக்கூடம் போகுமுன் இறைப்புக்குத் துணைநின்ற சிறுவர்கள் எல்லோரும் அதனைப் பார்த்தே வளர்ந்தார்கள். 1990இல் மோட்டார் சைக்கிள் முன்னால் குந்தியிருந்தவர்களுக்கு வழிகாட்டியது தோட்டத்துப் பம்ப்.

மற்றோர் உதவி யப்பானிலிருந்து வந்திருந்தது. ஹொண்டா நிறுவனம் 1958இல் வெளியிட்ட சுப்பர் கப் என்ற சிறிய வண்டி, பெரிய வேலைத்தலமோ தேர்ந்த மெக்கானிக்கோ இல்லாத இடத்திலும் ஓட வேண்டும் என்ற எண்ணத்துடன் வடிவமைக்கப்பட்டது. 2017இல் அதன் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. குடாநாட்டில் ஓடிய சி. 50, சி. 90, பெண்கள் விரும்பி ஓட்டிய சாலி, யப்பானிய அஞ்சல் சேவைக்கென உருவாக்கப்பட்டுப் பழைய வண்டியாக இங்கு வந்த எம்.டி. 90 ஆகிய எல்லாம் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஏறத்தாழப் படுக்கையாக அமைந்த ஒற்றைச் சிலிண்டர், காற்றினால் குளிரும் எஞ்சின், முன்புறத்திலிருந்தே கழற்றக்கூடிய பிளக், ஒரு லீற்றருக்கு உட்பட்ட ஒயில். பழைய வகைகள் சிலவற்றில் மின்பொறியைத் தருவது பற்றறியன்று, எஞ்சினுடன் சுழலும் மக்னெற்றோ. பற்றறி தடைசெய்யப்பட்ட ஊரில் இது எவ்வளவு பெரிய வரம் என்பதை விளக்கத் தேவையில்லை.

குடாநாட்டின் தரையமைப்பும் கைகொடுத்தது. மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின் பாரம் கூடும்போது 'தட்டும்'. எரிபொருள் உரிய வேளைக்கு முன் தானாக வெடிப்பதனால் எழும் ஓசை அது. தொடர்ந்தால் பிஸ்டன் கெடும். மலைநாட்டு ஏற்றங்களில் அந்த எஞ்சின்கள் நெடுநாள் தாங்கியிருக்கமாட்டா. வலிகாமத்திலோ தென்மராட்சியிலோ ஏற்றம் என்று சொல்ல எதுவுமில்லை. எதிர்க்காற்றும், பின்னால் இருவரை ஏற்றிச் செல்வதுமே அங்கு பாரம். தட்டும் ஓசை கேட்டவுடன் வேகத்தைக் குறைத்துக் கியரை மாற்ற வேண்டும் என்பது ஓட்டுநர் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இனி, வீட்டு முற்றத்தில் நடந்த வேலைகளுக்கு வருவோம்.

நாளின் தொடக்கம் பெற்றோல் துளியுடன். சேலைன் ஏற்றும் குழாயின் துண்டு பொருத்திய மருந்துப் போத்தல், பழைய ஊசிச் சிறிஞ்சு, கண்மருந்துக் குப்பி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு கருவி. காபரேற்றருக்குள் சில துளிகள்; பின்னர் உதை. எஞ்சின் பற்றியதும் கைப்பிடியைச் சற்றே முறுக்கிச் சூடேறும்வரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெண்புகையும் கண்ணை எரிக்கும் மணமும் ஒழுங்கை முழுவதும் பரவும். யார் வீட்டு வண்டி புறப்படுகிறது என்பதைப் புகையிலேயே அயலவர் அறிந்துகொள்வர்.

நிறுத்துவதிலும் ஒரு முறை இருந்தது. காபரேற்றரின் அடியிலுள்ள மிதவைக் கிண்ணத்தில் மண்ணெண்ணெய் தங்கியிருந்தால், ஆறிய பின் வண்டியைத் தொடங்குவது பெரும்பாடு. ஆகவே வீடு வருவதற்குச் சற்று முன்னரே தாங்கியின் குழாயைப் பூட்டி, கிண்ணத்தில் உள்ளதை எரித்து முடித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். இல்லையேல் கிண்ணத்தின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு சிரட்டையில் வடித்தெடுப்பார்கள். அந்தச் சிரட்டை எண்ணெய் வீணாவதில்லை. அன்றிரவு விளக்குக்குப் போகும்.

அடுத்தது பிளக். மண்ணெண்ணெய் முற்றாக எரியாமல் கரியாகப் படிவதால், பெற்றோலில் மாதக்கணக்கில் கைவைக்கத் தேவைப்படாத பிளக்கைச் சில நாள்களுக்கு ஒருமுறை, சிலவேளை நாள்தோறும், கழற்ற வேண்டியிருந்தது. கம்பித் தூரிகையால் கரியைச் சுரண்டி, எமறிப் பேப்பரால் முனையைத் தீட்டி, இடைவெளியைச் சரிபார்ப்பார்கள். உரிய இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். அதனை அளக்கும் தகடு பெரும்பாலான வீடுகளில் இல்லை. கடுதாசி அட்டையை மடித்தும் சவர அலகுகளை அடுக்கியும் அளந்தார்கள். சவர அலகொன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்புடையது என்பதால் ஆறு அலகுகள் சேர்ந்தால் கணக்குச் சரி. வால்வு இடைவெளியோ 0.05 மில்லிமீற்றர், அதற்கு அலகும் தடிப்பு அதிகம். மெல்லிய தாளை வைத்து இழுத்து, விரல் உணரும் இறுக்கத்தைக் கொண்டு தீர்மானித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மிகவும் நுட்பமான வேலை ஒயில் தொடர்பானது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் றிங்குகளைக் கடந்து கீழே இறங்கி ஒயிலுடன் கலந்துவிடும். இதனால் ஒயில் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடும். அளவுகோலை எடுத்துப் பார்ப்பவர், ஒயில் குறையவில்லையே என்று மகிழ்ந்துவிடலாம். உண்மையில் அது நீர்த்துக்கொண்டிருக்கும். நீர்த்த ஒயில் எஞ்சினைத் தேயவைத்துக் கொல்லும். அனுபவசாலிகள் ஒரு துளியை விரல்களுக்கிடையில் தேய்த்துப் பிசுபிசுப்பைப் பார்ப்பார்கள், முகர்ந்தும் பார்ப்பார்கள். அந்தக்கால ஃபோர்ட்சன் விவசாயிகளும் இதே காரணத்தினால்தான் ஒயிலை அடிக்கடி வடித்து மாற்றினார்கள். அவர்களுக்குப் புதிய ஒயில் கடையில் கிடைத்தது. நமக்கு அது கிடைப்பது அரிது. வடித்த ஒயிலைப் போத்தலில் பல நாள் அடையவிட்டு, மேலுள்ளதைத் துணியில் வடிகட்டி மீண்டும் விட்டவர்களும் உண்டு. அது நல்ல வழியன்று என்பது அவர்களுக்குத் தெரியும். வேறு வழியில்லை என்பதும் தெரியும்.

இவற்றுடன், சில மாதங்களுக்கு ஒருமுறை 'ஹெட்' கழற்றும் வேலை. பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் படிந்த கரியை மொட்டைக் கத்தியால் சுரண்டி, வால்வுகளை அவற்றின் இருக்கையில் வைத்துத் தேய்த்து, பழைய கஸ்கற்றையே கிழியாமல் எடுத்து மீண்டும் பொருத்த வேண்டும். இது மெக்கானிக்கின் வேலை. ஆனால் அவருக்கும் கைகள் இரண்டுதான். பிள்ளைகளும் அயலவரும் துணைநின்றார்கள், நின்றவர்கள் கற்றுக்கொண்டார்கள். துவிச்சக்கர வண்டியின் ரியூப்பை ஒட்டுவதும் செயினைக் கழுவி எண்ணெயிடுவதும் ஏற்கெனவே வீட்டு வேலையாக இருந்த ஊரில், பிளக்கும் காபரேற்றரும் அந்தப் பட்டியலில் சேர்ந்துகொண்டதில் வியப்பில்லை.

இந்த வேலைகளை இரவில் செய்யக்கூடாது என்பது எங்கள் வீட்டில் கண்டிப்பான சட்டம். வெளிச்சம் என்றால் போத்தல் விளக்குத்தான். திறந்த சுடருக்கு அருகில் பெற்றோல் குப்பியைத் திறப்பதன் விளைவை அம்மா அறிந்திருந்தார். பெற்றோலும் மண்ணெண்ணெயும் அடுத்தடுத்த போத்தல்களில் இருந்த அக்காலத்தில், ஒன்றை மற்றதென்று எண்ணி விளக்கில் விட்டால் எரிகாயம் நிச்சயம். மருந்தும் தட்டுப்பாடாக இருந்த காலம் அது.

எங்கள் ஊரில் பணிபுரிந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவரிடம் ஒரு சாலி இருந்தது. மாலையில் வேலை முடிந்து வந்ததும், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முற்றத்தில் குந்தி, பிளக்கைக் கழற்றித் துடைப்பார். மிதவைக் கிண்ணத்தை வடிப்பார். அதன் பின்பே தேநீர். பிள்ளைப்பேறு பெரும்பாலும் இரவில்தான் வரும் என்பார். அவரிடம் ஒரு சிறிய குப்பியில் பெற்றோல் இருந்தது. பகல் பயணத்துக்கு அதிலிருந்து ஒரு துளியும் எடுக்கமாட்டார். பகலில் தள்ளித் தொடங்குவார். எங்களைப் போன்ற இளைஞர்கள் தள்ளிவிடுவோம். குப்பி இரவுக்கு உரியது. அந்த ஒழுங்கு தவறாததனால் உரிய நேரத்துக்குப் போய்ச் சேர முடிந்த வீடுகள் எத்தனை என்று எந்த ஆவணமும் சொல்லாது. பராமரிப்பு பலித்தால் எதுவும் நடப்பதில்லை. நடக்காத ஒன்று செய்தியாவதில்லை. பத்திரிகைத் தொழிலில் இத்தனை ஆண்டுகள் இருந்தவன் என்ற வகையில் இந்தக் குறையை நான் நன்கறிவேன்.

அதே வேளை, இந்தக் கதைக்கு மெருகூட்டி விற்பதும் எனக்கு உடன்பாடன்று. பொருளாதாரத் தடை ஒரு முழு மக்கள் கூட்டத்துக்கும் விதிக்கப்பட்ட தண்டனை. அதற்குள் நாம் காட்டிய சாமர்த்தியம் தண்டனையை நியாயப்படுத்தாது. எஞ்சின்கள் உரிய ஆயுளுக்கு முன்னரே தேய்ந்தன. புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசித்தோம். மோட்டார் சைக்கிளை வைத்திருக்க முடிந்தவர்கள் சிலர். பெரும்பான்மையோர் துவிச்சக்கர வண்டியிலும் கால்நடையாகவுமே வாழ்ந்தார்கள். விளக்குக்கும் போதாத மண்ணெண்ணெயை வண்டி குடித்தது என்ற மனக்குறை பல வீடுகளில் இருந்தது. பிள்ளை படிப்பதற்கா, தகப்பன் வேலைக்குப் போவதற்கா என்று ஒரு போத்தல் எண்ணெயைப் பங்கிட்ட வீடுகளை நான் அறிவேன்.

1994 ஓகஸ்ட் தேர்தலுக்குப் பின் தடைகளில் சில தளர்த்தப்பட்டன. 1995 ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் ஏப்ரலில் முறிந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் மக்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்திரளின் நடுவில் மோட்டார் சைக்கிள்களும் இருந்தன. அந்த நெரிசலில் ஓட்ட முடியாது, உருட்டத்தான் முடியும். மூட்டைகளையும் முதியவர்களையும் சுமந்து, எஞ்சின் அணைந்த வண்டிகள் தென்மராட்சியை நோக்கி உருண்டன. விட்டுவிட்டுப் போக மனம் வராததற்குக் காரணம் விலை மட்டுமன்று. ஐந்தாண்டுக் கை உழைப்பு அதில் இருந்தது.

2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்டபோது பெற்றோலும் இந்திய வண்டிகளும் வந்தன. 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டபோது பழைய கைப்பழக்கங்களும் திரும்பின. வன்னியில் அவை மறக்கப்படவே இல்லை. 'உந்துருளி' என்ற பெயருடன் அங்கும் மண்ணெண்ணெயில் வண்டிகள் ஓடின. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் மணலில் கைவிடப்பட்டுக் கிடந்த வாகனங்களின் படங்களைப் பார்த்தவர்களுக்கு, அவற்றுக்கிடையே கிடந்த மோட்டார் சைக்கிள்களும் நினைவிருக்கும். ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் கடைசி நாள்வரை துடைத்து, எண்ணெயிட்டு ஓடவைத்திருந்தார்.

2022இல் முழு இலங்கையும் எரிபொருள் வரிசையில் நின்றது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்ற பங்கீடு, கியூ.ஆர். குறியீட்டுடன் அவ்வாண்டின் நடுப்பகுதியில் அறிமுகமானது. யாழ்ப்பாணத்தில் முதியவர்கள் மண்ணெண்ணெய்க் கதையை மீண்டும் எடுத்தார்கள். ஆனால் மண்ணெண்ணெயும் அப்போது கிடைக்கவில்லை. ஓகஸ்டில் அதன் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தது. காபரேற்றருக்குப் பதிலாக மின்னணு முறையில் எரிபொருள் செலுத்தும் புதிய வண்டிகளில் பழைய வித்தைக்கு இடமுமில்லை. எனினும் ஒன்று கவனிக்கத்தக்கது. 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த ஐந்து ஆண்டுகளில் நாடு முழுவதும் இருந்த வண்டியைப் பேணியே வாழ வேண்டியிருந்தது. நம்மவர் முன்னரே கற்றிருந்த பாடம் அது. எண்ணெய் மாறலாம், செயினைக் கழுவுவதும், காற்று வடிகட்டியைத் துப்புரவாக்குவதும், ஒயிலை உரிய காலத்தில் மாற்றுவதும் மாறுவதில்லை.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அக்காலத்தில் பலர் ஒயில் மாற்றிய திகதியையும் பிளக் வாங்கிய நாளையும் அப்பியாசக் கொப்பியில் குறித்து வைத்தார்கள். அவ்வாறான கொப்பி எவர் வீட்டிலேனும் பழைய பெட்டிக்குள் தப்பியிருந்தால் அதனை எறிந்துவிடாதீர்கள். கைகளால் கற்றவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டார்கள். பலர் மறைந்தும் போனார்கள். எஞ்சியிருப்பவர்களிடம் "மண்ணெண்ணெயில் ஓடினீர்களா?" என்று கேட்டால் பழைய பெருமைக் கதைதான் வரும். "ஒவ்வொரு மாலையும் வண்டிக்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லும் பதிலை எழுதி வையுங்கள்.